வடக்கு அறைக் குடித்தனக்காரர்கள்

என் அக்கா ஏதோ வாடகைக்கு விடுகிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, மாதத்துக்கு ஒருவராவது எங்கள் வீட்டுப் படியேறி வருவார்கள். "ரெண்டு ரூமா கிடைக்குமாங்க? நாங்க நாலே பேருதான்" என்பார்கள். அக்கா முகத்தைக்கூட மாற்றிக்கொள்ளாமல், "எல்லாம் ஃபுல்லுங்க" என்பாள். அது பொய்யும் இல்லை. எங்கள் வீட்டு வடக்கு அறையில் எழுபத்து மூன்று குடித்தனங்கள் இருக்கின்றன. அதில் ஒருவரைக்கூட நாங்கள் நேரில் பார்த்தது கிடையாது.

விஷயம் இதுதான். அந்த அறையில் நான்கு பெரிய கம்ப்யூட்டர்கள் இரும்பு அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. பெரிய வீட்டைத் தடுப்பு வைத்து போர்ஷன் போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விடுவதில்லையா, அதே வேலைதான். ஒரு கம்ப்யூட்டரை இருபது சின்னக் கம்ப்யூட்டர்களாகப் பிரித்துவிடுகிறாள். செங்கல்லோ சிமென்ட்டோ கிடையாது, எல்லாம் மென்பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிச் சாவி. பக்கத்துப் போர்ஷனில் யார் இருக்கிறார் என்று இவருக்குத் தெரியாது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தங்கள் போர்ஷனுக்குள் வந்து வேலை செய்துவிட்டுப் போவார்கள். இதற்கு விர்ச்சுவல் சர்வர் என்று பெயர். எனக்கு இது புரியவே இரண்டு வருஷம் ஆயிற்று.

புரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எங்கள் தீவு வரைபடத்தில் பேனா முனையை வைத்தால் மறைந்துபோகிற அளவுதான். வெளியுலகத்தோடு பேச, கடலடியில் ஒரே ஒரு கேபிள். இங்கே வந்து எவன் வாடகைக்கு எடுப்பான்? கேட்டேன்.

"தூரமா இருக்கறதுக்குத்தான்டா எடுக்கறாங்க" என்றாள் அக்கா. "அவங்க ஊர்ல வெள்ளம் வந்தா, சண்டை வந்தா, இன்னொரு பிரதி எங்கயாவது பத்திரமா இருக்கணும்ல. நம்மள மாதிரி யாருக்கும் ஞாபகம் வராத இடம்தான் அதுக்குத் தோது."

அக்கா கேபிள் நிலையத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்தாள், வந்த மூன்றாம் மாதமே இதை ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் முதலில் செய்த காரியம், அப்பாவை அவருடைய அறையிலிருந்து கிளப்பியது. வீட்டிலேயே வடக்கு அறைதான் தடித்த சுவர், வெயில் படாத இடம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். தன் கட்டிலைத் தானே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனார். போகிற போக்கில், "மெஷினுக்கு ஏசி, மனுஷனுக்கு விசிறி" என்றார். அதற்குப் பிறகு பத்து வருஷமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லி வருகிறார். அக்காவுக்கு அது உறுத்தியது என்று எனக்குத் தெரியும். எனக்கும் உறுத்தியது, ஏனென்றால் அந்த ஏசியை மாட்டியவன் நான்தான்.

நான் ஏசி மெக்கானிக். ஊர் முழுக்கக் காசு வாங்கிக்கொண்டு செய்வதை அக்காவுக்கு மட்டும் சும்மா செய்கிறேன். அது தவிர இன்னொரு வேலையும் எனக்கு உண்டு: அழிக்கும்போது கூட உட்கார வேண்டும்.

ஒருவர் காலி செய்துவிட்டுப் போனால் அவர் போர்ஷனை அக்கா முப்பது நாள் நிறுத்தாமல் அப்படியே போட்டு வைப்பாள், மனசு மாறித் திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று. முப்பதாவது நாள் அழித்துவிடுவாள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். ஒருவர் நோட்டைப் பார்த்து எண்ணை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் தட்ட வேண்டும். "ஒரே ஆளு ரெண்டும் செஞ்சா கண்ணு ஏமாத்திடும்" என்பாள். ஒருவருடைய போர்ஷனுக்குள் எட்டிப் பார்ப்பதும் கிடையாது. "முப்பது நாளில் சுவடில்லாமல் அழிப்போம், உள்ளே பார்க்க மாட்டோம்" என்று அவள் தன் வலைப்பக்கத்தில் முதல் வரியாகவே எழுதி வைத்திருந்தாள். அதுதான் அவள் கௌரவம். மற்ற விஷயங்களில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. கையில் கிடைத்த தாளைக் கிழித்து எண்ணை எழுதி அலமாரியில் ஒட்டிவிடுவாள். மளிகைச் சீட்டு, மின்சார பில், எதுவானாலும் சரி, பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும்.

இன்னொரு சட்டமும் இருந்தது: உள்ளூர்க்காரர்களுக்குக் கிடையாது. ஆரம்பத்தில் ஒரே ஒருவருக்குக் கொடுத்தாள், எங்கள் சித்தப்பா மகனுக்கு. ஒரு நாள் ஒரு மணி நேரம் அவனுடையது ஓடவில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று தெருவே கூடுகிற மாதிரி கத்தினான். அன்றைக்கு முடிந்த பேச்சுவார்த்தை இன்னும் தொடங்கவில்லை. "தூரத்துல இருக்கறவங்க மெயில்ல திட்டுவாங்க. பக்கத்துல இருக்கறவங்க வாசல்ல வந்து திட்டுவாங்க. எனக்கு மெயிலே போதும்" என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளினிக்கிலிருந்து நர்ஸம்மா வந்து கேட்டபோதும் தயங்கினாள். தீவுக்கு இருக்கிற ஒரே கிளினிக் அது. டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை படகில் வருவார், மற்ற நாளெல்லாம் நர்ஸம்மாதான். யாருக்கு என்ன வியாதி, என்ன மருந்து என்பதெல்லாம் பழைய நர்ஸ் காலத்திலிருந்தே கம்ப்யூட்டரில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்று நர்ஸம்மா கெஞ்சியதால் அக்கா ஒரு போர்ஷன் கொடுத்தாள். மாதம் முடிந்ததும் அவளே சொன்னாள்:

"இங்க வேணாங்க. வெளியூர்ல பெரிய கம்பெனியா பாத்து வைங்க. நம்ம ஊர்ல ஒரு கேபிள்தான் இருக்கு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நான் யார் மூஞ்சில முழிக்கறது?"

நர்ஸம்மா அப்படியே செய்தார். அக்கா நல்லதைத்தான் நினைத்துச் சொன்னாள். உலகத்துக்கே வாடகைக்கு விடுகிறவள் தன் ஊரைத் தானே நம்பவில்லை என்பது எனக்கு அப்போது வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது.

இந்த வருஷம் ஏதோ ஒரு கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய்க் கேபிளை அறுத்துவிட்டது. ஒரு காலையில் எழுந்தால் வெளியுலகமே இல்லை. உள்ளூருக்குள் போனில் பேசலாம், அவ்வளவுதான். பழுது பார்க்கும் கப்பல் வந்து சரிசெய்ய ஒன்பது நாள் என்றார்கள். வடக்கு அறையில் எழுபத்து மூன்று குடித்தனமும் விளக்கெரிய ஓடிக்கொண்டுதான் இருந்தன, வாசலுக்கு வர ரோடுதான் இல்லை. அக்கா பூட்டின கடைக்குக் காவல் இருப்பவளாக உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. இரண்டு நாளுக்கு முன்னால் துறைமுகத்தில் துருப்பிடித்த கம்பியை மிதித்துவிட்டு, சொன்னால் திட்டுவோம் என்று செருப்போடு மறைத்து வைத்திருந்திருக்கிறார். வயது எழுபத்தெட்டு. கால் முழங்கால் வரை வீங்கிச் சிவந்திருந்தது. பின்கட்டு அறையில் வெக்கை தாங்கவில்லை. அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நானும் அவளும் கட்டிலோடு தூக்கி வடக்கு அறையில் கொண்டுபோய்ப் போட்டோம். இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கட்டில் சரியாகப் பொருந்தியது. அந்தக் காய்ச்சலிலும் அப்பா கண்ணைத் திறந்து, "காலி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார்.

நர்ஸம்மா வந்து காலைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஊசி உடனே போடணும். விஷம் மேல ஏறுது. ரெண்டு விதமான மருந்து இருக்கு, எது போட்டாலும் கேக்கும். ஆனா இவருக்கு இதுல ஒண்ணு ஒத்துக்காது. நாலு வருஷம் முன்னாடி போட்டு, தொண்டை வீங்கி, மூச்சு நிக்கற நிலைமைக்குப் போயிட்டாராமே. எதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அப்ப நான் இங்க வரல, பழைய நர்ஸ்தான் பாத்தாங்க. அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னும் தெரியல."

அக்காவுக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை. அன்றைக்கு அப்பா பக்கத்தில் இருந்தவள் அக்காதான். அந்த வாரம்தான் மூன்றாவது கம்ப்யூட்டர் கப்பலில் வந்து இறங்கியிருந்தது. கிளினிக்குக்கும் துறைமுகத்துக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தாள். பழைய நர்ஸ் அந்த மருந்தின் பெயரைச் சொன்னதும், "கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்கம்மா, அதுல இருந்தா போதும்" என்று தான் சொன்னதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பெயர் மட்டும் இல்லை.

"கிளினிக் ரெக்கார்ட்ல கண்டிப்பா இருக்கும். ஆனா அதை இங்கருந்து பாக்க வழியில்லையே" என்றார் நர்ஸம்மா.

துறைமுக ஆபீஸில் ஒரு சாட்டிலைட் போன் உண்டு. அக்கா ஓடினாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கிடைத்தார். எது ஒத்துக்காது என்று தெரியாமல் எதையும் போடாதீர்கள், ஆளை அனுப்புங்கள் என்றார். கடல் இருந்த இருப்பில் படகு இரண்டு நாளைக்குப் புறப்படாது. அடுத்து ரெக்கார்டு வைத்திருக்கும் கம்பெனிக்குப் போட்டாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு குரல் பதினொரு நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்ததில்லை என் அக்கா. அந்தக் குரலை அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கண்ணை மூடி அனத்திக்கொண்டிருந்தார்.

"யார் யாரோட சாமானையோ இத்தன வருஷம் கட்டிக் காத்தேன்" என்றாள். "அப்பாவுக்கு ஒரே ஒரு வார்த்தை. அதை எழுதி வெச்சுக்கல." பிறகு நர்ஸம்மாவைப் பார்த்தாள். "நீங்க அன்னிக்கு ஒரு மாசம் வெச்சீங்களே, அதுல இது இருந்திருக்கும். நான்தான் வேணாம்னு அனுப்பினேன். முப்பதாவது நாள் அழிச்சும் போட்டேன்."

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள்.

மூன்று வருஷமாக மறந்தே போயிருந்த ஒரு விஷயம் என் தலைக்குள் வந்து நின்றது. இப்போது சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதும் கூடவே வந்தது. ஒரு நொடி தயங்கினேன். அப்பா அங்கே கிடக்கும்போது தயங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"அக்கா, அது அழியல."

அவள் திரும்பினாள்.

"அன்னிக்கு நான் ஏசிக்கு கேஸ் அடிச்சிட்டு இருந்தேன். கையெல்லாம் ஆயில். நீ படிச்சே, அதுக்குள்ள வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு எழுந்து போயிட்ட. அழிக்கணும்னா முழுப் பேரையும் தட்டச் சொல்லிக் கேட்டுது. கை கழுவிட்டு வந்து பண்ணலாம்னு ஆஃப் மட்டும் பண்ணேன். நீ வந்து ஆச்சான்னு கேட்டே. ஆச்சுன்னேன்."

அவள் என் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிறுத்தி வைத்த மெஷின்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டாம், அவள் அதைத் திறந்தே வருஷக்கணக்காகிறது. அவள் கணக்கில் அது காலியாகத்தானே இருக்க வேண்டும். திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணு" என்றாள் என்னிடம். எண்ணை உரக்கப் படித்தாள். நான் தட்டினேன்.

இரண்டு நிமிஷத்தில் அது எழுந்துகொண்டது. உள்ளே போகக் கடவுச்சொல் கேட்டதும் அக்கா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அந்த நேரத்திலும் பார்க்க மாட்டாளாம். நர்ஸம்மா உட்கார்ந்து தட்டினார். கிளினிக்கின் கடவுச்சொல்லைப் பழைய நர்ஸ் காலத்திலிருந்து யாரும் மாற்றவே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் அக்கா அதற்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருப்பாள். அப்பா பெயரிலேயே மூன்று பேர் இருந்தார்கள். பிறந்த வருஷத்தை வைத்து நர்ஸம்மா கண்டுபிடித்தார். படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு தட்டில் தயாராக எடுத்து வைத்திருந்த மருந்துக் குப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"வேற வழியில்லாம போனா இதைத்தான் போடலாம்னு இருந்தேன்" என்றார்.

மறுநாள் மாலை அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, மெஷின்கள் போடுகிற இரைச்சலில் தூங்க முடியவில்லை என்று குறை சொன்னார். உயிர் வந்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அக்கா என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், கேபிள் சரியான அன்று, அறைக்குக் கூப்பிட்டாள். எழுபத்து மூன்று பேருக்கும் அனுப்ப ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். முப்பது நாளில் அழிப்போம் என்று சொல்லியிருந்தோம், ஒரு போர்ஷன் மூன்று வருஷம் அழியாமல் கிடந்திருக்கிறது, எங்கள் அப்பாவுக்கு உயிர் போகிற நிலைமை வந்தபோதுதான் அது தெரிந்தது, தவறு எங்களுடையது என்று ஒளிவுமறைவில்லாமல் இருந்தது.

"உனக்கென்ன கிறுக்கா? அது கிளினிக்கோடது. மத்தவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? அதுவும் அதனாலதான் அப்பாவே பிழைச்சாரு."

"அப்பா பிழைச்சாரு. அது வேற" என்றாள். "நான் மூணு வருஷமா எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன், எனக்கே தெரியாம. அது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாத."

அனுப்பிவிட்டாள். ஆறு பேர் காலி செய்துகொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் நான்கு வரி எழுதியிருந்தார். அவர் எங்கோ குளிர் தேசத்து ஆள், தன் மெஷின் சௌக்கியமா என்று வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை எழுதிக் கேட்பவர். அன்று மெஷினைப் பற்றி ஒன்றுமே இல்லை. உங்கள் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தார். அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

பிறகு கிளினிக்குக்கு நிரந்தரமாக ஒரு போர்ஷன் கொடுத்தாள். வெளியூரில் ஒரு பிரதி, இங்கே ஒரு பிரதி. நர்ஸம்மாவை எதிரில் உட்கார வைத்து, பழையதை முறைப்படி அழித்தோம். அக்கா படித்தாள், நான் முழுப் பெயரையும் தட்டினேன், மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க அது போயிற்று. "இனிமே என்கிட்ட எதையும் மறைக்காத. சின்னதோ பெருசோ" என்றாள். சரி என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஏசி சர்வீஸுக்காக அலமாரியை நகர்த்தினேன். மூன்றாவது கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டு, பசை காய்ந்து கையோடு வந்துவிட்டது. அக்காவின் கிறுக்கலில் ஒரு மூன்று, கீழே அதை மாட்டிய தேதி. சும்மாதான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பழைய நர்ஸின் உருண்டை எழுத்து. அப்பாவின் பெயர். அந்த மருந்தின் பெயர், அடியில் இரண்டு கோடு. "இது போடவே கூடாது. பத்திரமா வெச்சுக்கோங்க" என்று எழுதியிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கிழித்துப் போட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

படித்தாள். திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

"அப்பா கட்டிலை எங்க போட்டிருந்தோம்?" என்று கேட்டாள்.

நான் நின்ற இடத்தைக் காட்டினேன். தலைமாடு அலமாரிப் பக்கம். படுத்த வாக்கில் அவர் கையை நீட்டியிருந்தால் சீட்டு எட்டியிருக்கும்.

அக்கா பசை டப்பாவை எடுத்து வந்து, சீட்டை இருந்த இடத்திலேயே ஒட்டினாள், நர்ஸின் எழுத்து வெளியே தெரியும்படி.

"நம்பர் உள்ள போயிடுச்சேக்கா" என்றேன்.

"மூணாவதுன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள்.